மஞ்சள் எரிந்த வாரம்

மில்லின் நூற்புப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தைக் காவல் காக்கும் ரிலேக்களுக்கு மூன்று சிறு விளக்குகள் உண்டு. சிவப்பு எரிந்தால் பளு கூடி மின்சாரம் நின்றிருக்கிறது. மஞ்சள் எரிந்தால் மண்ணில் புதைத்த கேபிளிலிருந்து மின்சாரம் கசிந்திருக்கிறது. நீலம் எரிந்தால் வெளியிலிருந்து வருவதே குறைந்திருக்கிறது. பொத்தானை அழுத்தும்வரை எரிந்த விளக்கு அணையாது. அழுத்துமுன் நிறத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. டிப்ளமா முடித்துச் சேர்ந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், நாள் தவறாமல் மஞ்சள். மஞ்சள் என்றால் கேபிள். கேபிள் என்றால் அதை இணைத்த மேஸ்திரி. கனகசெட்டிக்குளத்திலிருந்து சைக்கிளில் வரும் அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் பள்ளம் தோண்டி, இணைப்பைப் பிரித்துப் பார்த்து, தார் ஊற்றி மூடினார். நான்காம் முறை எரிந்தபோது ஃபோர்மன் பொறுமை இழந்தார்.

"இன்னொரு தபா மஞ்ச எரிஞ்சுது, நீ கேபிள் பக்கமே வராத. பஞ்சு மூட்ட தூக்கப் போ."

"உங்க வெளக்குக்கு எம்மேல என்னா கோவமோ, முசியே" என்றார் மேஸ்திரி, பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதைச் சொல்லால். பிறகு என்னிடம், "தங்கச்சி, அந்த மஞ்சளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வேற ஊருக்கு அனுப்பிடேன்."

அவர் நான்காவது பள்ளத்தைத் தோண்டப் போனார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். நான்கு முறையும் சாப்பாட்டு இடைவேளை முடிந்து சங்கு ஊதிய இரண்டு நிமிடத்துக்குள். கசியும் மின்சாரம் சங்கு கேட்டா கசியும்?

மறுநாள் சங்குக்கு முன்பே ரிலேக்களின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றேன். இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. பளுவைக் கவனிக்கும் ரிலேயின் வட்டத் தகடு, வீட்டு மீட்டரில் சுற்றுவது போலச் சுற்றிப் போய் முட்டியது. டக். கசிவைக் கவனிக்கும் ரிலே அசையவே இல்லை. எரிந்ததோ மஞ்சள்.

வரைபடத்தை விரித்தேன். அதில் விளக்கு வரிசை முதலில் சிவப்பு, அடுத்து மஞ்சள். எதிரே ரிலேப் பலகையில் முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு.

பூஜைக்காக விளக்குகளின் வண்ணக் கண்ணாடி மூடிகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டியது நான். கழுவ வேண்டியவை என்று பதினாறு உருப்படி எழுதி டிக் அடித்ததும் நான்தான். எது எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் ஃபோர்மன் உள்ளே வந்துவிட்டார்.

"மஞ்சளா?"

"மஞ்சள்தான் சார். ஆனா அது சிவப்பு."

"என்னாம்மா ஒளர்ற?"

முழுவதும் சொன்னேன். அவர் மூடிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூடி மாட்றதுக்கு டிப்ளமாவுல பாடம் கெடயாதா?"

"இல்ல சார்."

"சரி, மிஷினுங்கள ஒண்ணொண்ணா ஓட்டச் சொல்றேன். அவன் கேபிள்லயே இருக்கட்டும். ஆனா நீயே போய்ச் சொல்லு."

மேஸ்திரி இன்னும் மூடாத நான்காவது பள்ளத்தில் இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தார். மூடிகள் மாறிய கதையைச் சொன்னேன்.

"நாலு பள்ளம், தங்கச்சி."

"தெரியும்ணே."

மேலே ஏறி வந்து மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் மண்ணைத் தள்ளினேன். அவர் மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"அந்த மூலையில விழல பாரு" என்றார்.