மிளகாய் பஜ்ஜி கடித்த முகம்

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன். உள்ளே போட்டு மூடி வைப்பேன். ஊறுகாய் மாதிரி ஊற ஊறத்தான் அதற்கு ருசி.

கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே போக்கிடம் எங்கள் புகைப்படக் குழு. வங்கி ஊழியர், பல் டாக்டர், வாத்தியார் என்று இருபது பேர். ஒருவருக்கும் இது பிழைப்பு இல்லை, ஆசைதான். மாதாமாதம் எங்கள் படங்களைச் செயலாளர் வாங்கி, பெயர்களை எடுத்துவிட்டு, வெறும் எண் போட்டுத் திரையில் காட்டுவார். யார் எடுத்தது என்று தெரியாமல் ஓட்டுப் போட்டால்தான் நியாயம் என்பது குழுவின் வழக்கம். அந்த நியாயத்தில்தான் நான் ஏமாந்தேன்.

ஒருமுறை அக்காவையும் அவள் கணவர் அத்திம்பேரையும் பொன்முடி மலைக்கு அழைத்துப் போயிருந்தேன். தான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தை விட்டு லேசில் வெளியே வராதவள் அக்கா. திரும்பும் பஸ்ஸுக்காக மழையில் நின்றபோது பெட்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். முதல் கடியிலேயே அவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. நனைந்த தலை, பின்னால் பனி, கையில் பாதி பஜ்ஜி. நான் எடுத்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த படம் அதுதான். குழுவில் அதற்கு நாலே ஓட்டு விழுந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது என் படம் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, குழுவின் வாட்ஸ்அப்பில் அதே படம் வந்தது. பஜ்ஜியை வெட்டியெறிந்து, கறுப்பு வெள்ளையாக்கி, கீழே செயலாளரின் பெயர். ஆண்டு விழாவில் அவரவர் தமக்குப் பிடித்த படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இவர் தம் கதையை முன்கூட்டியே எழுதிப் போட்டிருந்தார். தேயிலை பறிக்கும் பெண்ணாம். புருஷன் செத்து மூன்று மாதமாம். பசியில் அழுகிறாளாம். வெறும் எண் போட்ட ஃபைல் யாருடையது என்று அவருக்கே மறந்திருக்கும்; நாலு ஓட்டு வாங்கிய படத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

அங்கேயே ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஃபைல் மாறிவிட்டது, மன்னிக்கணும் என்று சொல்லி நழுவியிருப்பார். அப்படி நழுவ விட எனக்கு மனசில்லை. எல்லோரையும் போலக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க ஃபோட்டோ ஃபங்ஷன். நீயும் அத்திம்பேரும் கட்டாயம் வரணும். உன் படமும் காட்டுவா."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா பட்டுப்புடவையில் வந்தாள். இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன். செயலாளரே அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த முகத்தை உட்கார்ந்து வெட்டித் திருத்தியவருக்கு, அது எதிரே இருந்தும் அடையாளம் தெரியவில்லை. என் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அவர் முறை வந்தது. திரையில் அக்கா அழுதாள்.

"அன்னைக்கு நல்ல மழை, கேட்டோ," என்று மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார். "சேச்சி, எதுக்கு அழறீங்கன்னு கேட்டேன். புருஷன் போய் மூணு மாசம் ஆச்சு, வீட்ல அரிசி இல்லைன்னு சொன்னாங்க. என் பொதிச்சோத்துப் பொட்டலத்தை அப்படியே கையில குடுத்துட்டேன்." குரல் வேறு தழுதழுத்தது.

கைதட்டல் முழுசாக ஓயும்வரை காத்திருந்தேன். அப்புறம் எழுந்துபோய் என் பென் டிரைவைச் சொருகினேன். அதே படம், முழுசாக, வண்ணத்தில், பஜ்ஜியோடு வந்தது. "எங்க அக்கா," என்றேன். "இதோ முன்னால உக்காந்திருக்கா."

அத்திம்பேர் நிதானமாக எழுந்து சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நமஸ்காரம். அந்தச் செத்துப்போனவன் நானாக்கும்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மேடையிலிருந்து இறங்கிய செயலாளர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முன்வரிசை அருகே நின்றார். வாய் திறந்திருந்தது. நான் கேமராவை எடுத்து அந்த முகத்தை மூன்று முறை பிடித்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

அன்றே அவர் பதவி போயிற்று. படத்தின் கீழ் என் பெயர் ஏறியது.

திரும்பும்போது அக்கா ஆட்டோவை வீட்டுக்கு விடாமல் கோவில் வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

"அவன் என்ன சொல்லப் போறான்னு உனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"தெரியும்."

"அவன் நான் யாருன்னு தெரியாம சொன்னான். நீ தெரிஞ்சுண்டே சபையில சொல்ல வெச்சே."

அத்திம்பேரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றேன்.

செயலாளரின் அந்த மூன்று படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. கோபம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன். மூன்றிலும் ஓரத்தில் அக்கா இருக்கிறாள், சிரிக்காமல், தாலியை இறுக்கிப் பிடித்தபடி. அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் நிம்மதியாகப் பார்க்கலாம். இரண்டு முறை வெட்டப் போய், கையை எடுத்துவிட்டேன்.