புள்ளிக்கோட்டு வட்டம்

ஒரு பெண்ணின் சாவுக்கு நான்தான் காரணம். எனக்குப் பிளான் படிக்கத் தெரியாது. தெரியும் என்று சொன்னேன்.

இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை என்கிற ஒரே தைரியத்தில்.

அறுபத்து மூன்றாம் வருஷம். செஞ்சியில் நான் கொத்து மேஸ்திரி. அதுவரை வாய்ச்சொல்லும் நூல்கயிறுமே போதுமாயிருந்தன. மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி, கோட்டைப் பக்கம் வீடு கட்ட விழுப்புரத்து இன்ஜினீயரிடம் பிளான் வாங்கி வந்தார். நயினார் என்றுதான் அவரை அழைப்போம். நீலத்தாள் நிறைய வெள்ளைக் கோடுகள்.

"படிப்பியா மேஸ்திரி?"

"இன்னா நயினாரே, இதுகூடவா தெரியாது?" என்றேன்.

சுவர், வாசல், ஜன்னல்... எப்படியோ ஊகித்துக்கொண்டேன். பின்னறையின் நடுவே மட்டும் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. யாரையாவது கேட்டிருக்கலாம்! கேட்டால் என் சாயம் வெளுத்துவிடுமே... தரை அலங்காரம் என்று நானே முடிவு கட்டினேன். சிவப்புச் சிமெண்டுத் தரை இழைத்து, அதே இடத்தில், அதே அளவில் ஒரு வட்டம் கீறினேன். நயினாரின் மனைவி சாந்தம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுவருஷம் அவலூர்பேட்டையில் வேலை. கம்பி கட்டும் காசிம் என் வயதுக்காரன். வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன். சாப்பாட்டு வேளையில் தினமும் கொஞ்சம் கற்றுத் தந்தான்.

"முழுக்கோடுன்னா கண்ணுக்குத் தெரியறது. புள்ளிக்கோடுன்னா மறைஞ்சிருக்கறது. பூமிக்குள்ளகூட இருக்கும்."

சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்தேன்.

பெட்டியில் கிடந்த நயினார் வீட்டுப் பிளானை மறுநாள் எடுத்துப்போய் அவனிடம் காட்டினேன். "பழைய கெணறு, தூர்த்துட்டுக் கட்டணும்னு எழுதியிருக்குது. எந்த வூடுப்பா இது?" என்றான்.

"அது கட்டவே இல்ல" என்றேன்.

நேரே செஞ்சிக்குப் போனேன். உச்சி வெயில். சாந்தம்மாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "இந்த வட்டத்துல படுத்தா சில்லுனு இருக்குது மேஸ்திரி. அடியில யாரோ மூச்சு வுடறாப்பல சத்தம் வருது. இன்னா அது?"

குனிந்து காதை வைத்தேன். கேட்டது! மெதுவாக, ஏறி ஏறி இறங்கியது... எங்கோ ஆழத்தில்.

"பாறை பூமிம்மா. காத்து பூந்து வர்ற சத்தம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அறுவடை முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லித் தரையை உடைத்துத் தூர்த்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐப்பசி மழை முந்திக்கொண்டது.

விடாமல் பெய்து வெறித்த ஒரு மத்தியானம் நயினார் வீட்டு ஆள் ஓடி வந்தான். போனேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. தலையணை ஓரமாகக் கிடந்தது. வட்டம் மட்டும் இல்லை! நான் கீறிய கோட்டோடு, கத்தியால் அறுத்ததுபோல் தரை உள்ளே போயிருந்தது. மண்ணுக்கடியில் கிணற்றை மூடியிருந்த பழைய கல் பலகை விண்டுவிட்டிருந்தது.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கியவன் நான்தான். கீழே தண்ணீர் அசையவே இல்லை. அவள் கண்கள் திறந்திருந்தன. மேலே நின்றவர்களை நோக்கி, "ஆச்சு... இழுங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"கோட்டைக் காலத்துக் கெணறு, காவு வாங்கிடுச்சு" என்றது ஊர். நானும் தலையாட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் நயினார் கூப்பிட்டனுப்பினார். அந்த அறைக்கதவு சாத்தியிருந்தது. "பிளான்ல இந்தக் கெணறு போட்டிருந்துதா மேஸ்திரி?"

"இல்லீங்க நயினாரே."

அவர் என் தோளில் கை வைத்தார். "நீ இன்னா பண்ணுவ... உன் மேல தப்பில்ல."

நான் அழுதேன். தன் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

நான்... முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.