கடைசி நிறுத்தம் வரை ஒருவர்

கட்சிக்கு வந்த பிறகுதான் அவர் 'புரொபசர்' ஆனார். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியபோது வெறும் 'சார்'தான். கட்சியில் முதல் வருஷம் அந்தப் பெயரை மரியாதையாகச் சொன்னார்கள், அடுத்த வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதற்கப்புறம் அது ஒரு எச்சரிக்கை மணி. அவர் தலை வாசலில் தெரிந்ததும் யாராவது ஒருவர் "வாங்க புரொபசர்" என்று சத்தமாகச் சொல்வார், மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

கல்லூரியிலும் இதே கதைதான். தேர்தலில் ஜெயித்தபின் ஒரு தடவை பழைய ஆசிரியர் அறைக்கு ஆசையாகப் போனார். இடமாற்றம் கேட்டு இரண்டு பேர் மனு கொடுத்தார்கள். மீதிப்பேர் வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வகுப்பில்லை என்பது கால அட்டவணை போட்டே பழகிய அவருக்குத் தெரியாதா?

மனைவிக்கு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. உங்கள் அரசியலுக்காக என் வேலையை விட முடியாது என்று ஊரிலேயே இருந்துவிட்டாள். நியாயம்தான், அவரும் வற்புறுத்தவில்லை. தலைநகரில் உறுப்பினர் விடுதியின் மூன்றாம் மாடியில் அவருக்கு இரண்டு அறை. ஒன்றில் கட்டில், இன்னொன்றில் வருகிறவர்கள் உட்கார ஆறு நாற்காலி. அதில் ஐந்தின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை நாலு வருஷமாக அவர் பிரிக்கவே இல்லை.

இப்படிப்பட்ட கூச்ச சுபாவி அரசியலுக்கு வந்தது ஒரு கூத்து. நஷ்டத்தில் ஓடும் பேருந்துகளைப் பற்றி அவர் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அதற்காக ஒரே வழித்தடத்தில், காலை முதல் வண்டியில், மூன்று வருஷம் போனார். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. மடியில் நோட்டு. போகிற நடையில் ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் கையை நீட்டுவார். வண்டியில் எத்தனை டிக்கெட் என்று எழுதிய டிரிப் ஷீட்டைக் கண்டக்டர் அந்தக் கையில் வைப்பார். இவர் எண்ணிக்கையைப் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தருவார். பேச்சு வார்த்தை ஒன்றும் கிடையாது. திரும்பி வரும்போது குறிப்புகளை முத்து முத்தாக நகல் எடுப்பார்.

ஆய்வில் அவர் கண்டுபிடித்தது இதுதான். கல்குவாரி வளைவு தாண்டி, கடைசி நிறுத்தம் வரைக்கும், எந்த நாளும் வண்டி காலியாகப் போகவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு நடை. மழை நாளிலும்கூட ஒருவர் இருந்தார். அந்த ஒருவருக்காகவாவது பேருந்து ஓடியே தீர வேண்டும் என்று ஆறாம் அத்தியாயத்தை முடித்திருந்தார்.

ஆய்வேட்டை யாரும் படிக்கவில்லை. புத்தகமாகப் போட்டும் படிக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் வந்த அந்த ஒரு வரியைக் கட்சித் தலைவர் டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிட்டார். 'அந்த ஒருவருக்காக' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஏறியது. அந்த ஒருவர் ஒரு கூட்டத்தில் பிள்ளைத்தாச்சி ஆனார், அடுத்த கூட்டத்தில் பரீட்சைக்குப் போகிற மாணவி ஆனார். சுவரொட்டியில் சிரித்த வயதான அம்மாள் அச்சகக்காரரின் மாமியார். எழுதின ஆளையே நிறுத்திவிடலாம் என்று தலைவருக்குத் தோன்றியது. நிறுத்தினார்கள். ஜெயித்தும் தொலைத்தார்.

அந்த ஒருவர் யார் என்று புரொபசருக்குத் தெரியாது. ஆனால் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவர் நினைத்துக்கொள்ள அந்த ஒருவர்தான் இருந்தார். மனசுக்குள் அது ஒரு பெண். துணிப்பை வைத்திருப்பாள், கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்காருவாள், வளவளவென்று பேசமாட்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்ல ஆளும் இல்லை.

நாலாம் வருஷம் அவரைப் போக்குவரத்துத் துணை அமைச்சர் ஆக்கினார்கள். மூன்றாம் மாதமே நாற்பத்தோரு வழித்தடங்களை நிறுத்தும் கோப்பு வந்தது. அவருடைய தடமும் அதில் இருந்தது. அமைச்சரிடம் இரண்டு தடவை போய் முட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் டீ கிடைத்தது. சபையில் விவாதத்துக்கு வருகிற அன்று காலை அமைச்சரே கூப்பிட்டுப் பேசினார்.

"எதிர்க்கட்சிக்காரங்க உங்க புஸ்தகத்தைத்தான் எடுப்பாங்க. அது அப்போ எழுதினதுன்னு சொல்லிட்டு உட்காருங்க. வேற ஏதாவது பேசினீங்கன்னா, நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பார்."

என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலேயே அவர் சபைக்குப் போனார். பதவி போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. போனால் எங்கே போவாய் என்று இன்னொரு மனசு கேட்டது. கல்லூரி வேலையை ஏற்கெனவே ராஜினாமா செய்தாயிற்று.

எதிர்க்கட்சியில் எழுந்தவர் கண்டக்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, முப்பது வருஷம் பேருந்தில் ஓடி, சங்கத் தலைவராகி உறுப்பினர் ஆனவர். சபையில் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள், அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, 'அந்த ஒருவருக்காக' வருகிற இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்தார்.

"இதை எழுதினவரு இன்னைக்கும் இதை ஒத்துக்கிறாரா? ஆமாவா, இல்லையா, ஒரு வார்த்தை போதும்."

புரொபசர் எழுந்தார். ஆமா என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது நிஜம். பக்கத்தில் அமைச்சர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அது நான் ஆசிரியரா இருந்தப்ப எழுதினது. பொறுப்புல இருக்கிறவங்க பார்வை வேற."

ஆளும் வரிசை மேஜையைத் தட்டோ தட்டென்று தட்டியது. நாலு வருஷத்தில் அவருக்காக ஒருவரும் தட்டியதில்லை. பின்னாலிருந்து ஒரு கை முதுகைத் தடவிக் கொடுத்தது. அந்தக் கை அவருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. கண்டக்டர் புத்தகத்தை மூடி உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுப்புக்கு முன்னால் கால் மணி நேர இடைவேளை. நடைக் கூடத்தில் தண்ணீர்க் குழாயருகே கண்டக்டர் தனியாக நின்றிருந்தார். ஒதுங்கிப் போயிருக்கலாம். ஆனால் எழுதினவனுக்கென்று ஒரு பலவீனம் உண்டே. புரொபசர் பக்கத்தில் போய், முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்று கேட்டார்.

இரண்டு தடவை படித்ததாகக் கண்டக்டர் சொன்னார். பிறகு தன்னைத் தெரியவில்லையா என்று கேட்டார். அந்த மூன்று வருஷமும் அந்த வண்டியில் தான்தான் கண்டக்டராம். புரொபசர் விழித்தார். டிரிப் ஷீட் வைத்த கையைக் காட்டியிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும், முகத்தை அவர் எப்போது நிமிர்ந்து பார்த்தார்?

"உங்களைச் செக்கிங் ஆளுன்னு நெனச்சு நானும் டிரைவரும் நடுங்குவோம் சார். நீங்க வர்றதுக்கு முன்னால எல்லாம் வளைவு வந்ததும் வண்டியைத் திருப்பிடுவோம், அங்குட்டு யாரும் வர்றதில்லை. நீங்க உட்கார்ந்திருந்தீங்க, அதனால கடைசி வரைக்கும் போனோம்."

"யாரும் வர்றதில்லையா? ஒருத்தர் இருந்தாரே."

"டிரிப் ஷீட்ல ஒண்ணுன்னு போட்டது உங்க டிக்கெட்தான் சார்."

புரொபசர் மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு நடையில் ஒரு பூஜ்யம்கூட வரவில்லை என்றால் அவருடைய முதல் வருஷ மாணவனே முகத்தைச் சுளித்திருப்பான். இவர் சந்தோஷப்பட்டு அத்தியாயம் எழுதினார். துணிப்பைக்காரி இல்லை. கடைசி இருக்கையில் யாருமே இருந்ததில்லை. எத்தனை சாயங்காலம் அவளோடு உட்கார்ந்திருந்தார்.

சபையில் ஏன் இதைப் போட்டு உடைக்கவில்லை என்று கேட்டார். கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கணக்குத்தான் தப்பு சார், நீங்க சொன்னது தப்பில்லையே. தினம் வண்டி வருதுன்னு தெரிஞ்சதும் திரும்பற நடையில ஜனங்க ஏற ஆரம்பிச்சாங்க. செங்கல் சூளைக்குப் போறவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. உங்களுக்குப் பின்னாலதான் உட்கார்ந்து வருவாங்க. நீங்க புஸ்தகத்தை முடிச்சிட்டு நின்னுட்டீங்க, நாங்களும் மறுபடி வளைவிலேயே திருப்பிட்டோம். அந்தப் பாவம்தான் என்னை இன்னைக்கு எந்திரிக்க வெச்சது. நீங்க ஆமான்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

திரும்பி வரும்போது பின்னால் ஏதோ சளசளவென்று சத்தம் வரும். அது புரொபசருக்கு நினைவு வந்தது. நகல் எடுக்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்களே என்று எரிச்சல் பட்டதும் நினைவு வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

"எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டார். அவருக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.

"எண்ணலையே சார். பேர் வேணா சொல்றேன்."

வாக்கெடுப்புக்கு மணி அடித்தது. கண்டக்டர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கட்சி வாசல் பக்கம் நடந்தார். புரொபசர் தன் வாசல் வழியாக உள்ளே போய் இடத்தில் உட்கார்ந்தார். தடங்களை நிறுத்தலாம் என்பவர்களை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். அவர் முறை வந்தபோது கையைத் தூக்கினார், இவரையும் ஒன்று என்று சேர்த்துக்கொண்டார்கள்.