விழுப்புரம் – திண்டிவனம்: வானில் மூன்று நிமிடம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு விமானத்தில் மூன்று நிமிடம் ஆகும் என்றது என் கைபேசி. இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது. அந்த இணையப் பக்கத்துக்கு அதெல்லாம் கவலையில்லை. வான்வழித் தூரம் முப்பத்தாறு கிலோமீட்டர் என்று போட்டு, நேரத்தையும் வகுத்துக் கொடுத்திருந்தது. சாலையில் ஏறக்குறைய நாற்பது. வீட்டில் அடங்காத கால்கள் எனக்கு. தரையில் எவ்வளவு நேரம் என்று பார்த்துவிடலாமே என்று கிளம்பினேன். 2014, ஈஸ்டர் கழிந்த ஞாயிறு.

காலை 9.05. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். சென்னை வண்டியின் படியை மறித்து நடத்துநர் நின்றார். "மெட்ராஸ் மட்டும் ஏறு! திண்டிவனம்லாம் அப்பால!"

எழுதாத சட்டம் இது. தூரத்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்த பிறகே பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நிற்க இடம். எனக்கு முன்னால் ஒரு பெண், துணிப்பையை மார்போடு அணைத்தபடி, "மெட்ராஸ்தான்" என்று ஏறிவிட்டார். அதே பொய்யைச் சொல்லி நானும் ஏறினேன்.

9.25. வண்டி நகர்ந்தது. சீட்டு கிழிக்க வந்த நடத்துநரிடம் அந்தப் பெண் "திண்டிவனம்" என்றார்.

"ஏம்மா, ஏற சொல்ல மெட்ராஸ்னியே?"

"கோயிலுக்குப் போறேன்ணா. பாவசங்கீர்த்தனத்துல ஃபாதருகிட்ட சொல்லிக்கிறேன்."

"சொல்லிக்கோ. வண்டி ஊருக்குள்ள போவாது, பைபாஸ்ல எறக்கிடுவேன். சாரு எங்க?"

"திண்டிவனம்."

"அப்ப ரெண்டு பேரும் ஜோடியா முட்டி போடுங்க." ஆளுக்கு இருபத்துநான்கு ரூபாய்.

பைபாஸ் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. பெயர் ஆரோக்கியமேரி, ஊர் முகையூர். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது. பத்தரைக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் இவர்தான். குழந்தைக்கான வெள்ளை உடையும் மெழுகுவத்தியும் பையில் இருந்தன.

"நேரத்துக்குப் போவலன்னா அவ நாத்தனாரு புள்ளய வாங்கிக்குவாங்க சார். அப்புறம் காலம்பூரா அவங்கதான் ஞானத்தாயி. பேருகூட நான் வெச்சது."

9.50. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி. வண்டிகள் வெயிலில் எறும்புச் சாரையாக நின்றன. அவருடைய கைபேசி அடித்தது. தங்கை.

"வந்துக்கினே இருக்கேன்டி! கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்!"

கூட்டேரிப்பட்டுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. என்னைப் பார்த்து, "பயந்துக்குவா சார்" என்றார். அந்தப் பொய்யில் எவ்வளவு வெல்லம்!

10.25. திண்டிவனம் பைபாஸ். இறக்கிவிட்டு வண்டி பறந்தது. ஆட்டோ இல்லை. தார் கொதித்தது, ஓரத்து மல்லாட்டைக் கொல்லையில் ஒரு கடலைச் செடிகூட அசையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். எனக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில்தான் ஷேர் ஆட்டோ வந்தது.

10.55. கோயிலுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆரோக்கியமேரி படியிலேயே நின்றுவிட்டார். "முடிஞ்சிது" என்றார்.

"அக்கா!"

பக்கவாட்டு வராந்தாவின் மூலையில், முந்தானையால் குழந்தையை மூடியபடி தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"அது வேற வூட்டுப் புள்ள. நம்மளதத்தான் மூணு வாட்டி கூப்டாங்க. பால் குடிக்குது, இன்னும் வயிறு ரொம்பலன்னு சொல்லிக்கினே இருக்கேன். நாத்தனாரு மொறச்சிக்கினு போறாங்க. சீக்கிரம் வாங்கு, கை மரத்துப் போச்சி."

முந்தானையை விலக்கினாள். குழந்தை எப்போதோ தூங்கிப்போயிருந்தது.

நண்பகல் வண்டியில் திரும்பினேன். மலைகளுக்கும் கடல்களுக்கும் போய்வந்தவன் நான். எந்த ஊரும் எனக்காக ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. தாமதிக்கும்படி நான் யாரிடமும் வருகிறேன் என்று சொன்னதுமில்லை.