என்னைப் பற்றியும் கேட்டார்

இன்று மாத்தளை டவுனில், எஸ்டேட்டுகளில் வேலை செய்யும் எங்களைப் போன்ற உளவள ஆலோசகர்களை மேற்பார்வை செய்யப்போகும் டொக்டர்மாருக்குப் பயிற்சி. கேட்டுப் பழகட்டும் என்று என்னை ஒரு டொக்டர் முன் உட்கார வைத்தார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல்தான் சொன்னேன். மகனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து தூங்காத ஒரு தாய். அவர் அழுதுவிட்டுப் போனால் எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

"எந்த எஸ்டேட்? மகன் என்ன செஞ்சான்?" என்றார் டொக்டர்.

பயிற்சி கொடுத்த அம்மா குறுக்கிட்டார். "அந்தத் தாயைப் பத்தி வேணாங்க டொக்டர். இவங்க எப்படித் தாங்குறாங்க? இவங்களைப் பத்திக் கேளுங்க."

டொக்டர் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, நீங்க எந்த எஸ்டேட் மிஸ்? டவுனுக்கு வந்ததைப் பொலிஸ்ல பதிஞ்சிட்டீங்களா?"

இனி மாதாமாதம் என் மனப்பாரத்தை இவரிடம்தான் இறக்கிவைக்க வேண்டுமாம். அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோகவா, நண்பர்களே?