எழுபத்தொரு வயதுவரை

உதடுகளுக்கிடையே ஐந்தாறு சிறு ஆணிகளைக் கவ்விக்கொண்டுதான் சோபா அக்கா பேசுவார். ஓர் ஆணியை நாக்கால் தள்ளி, சுத்தியலின் காந்த முனையில் ஏந்தி, துணியின் ஓரத்தில் ஒரே அடி. விலை பேசுவதும் அதே வாயால்தான். மத்திய வங்கி ஆளுநர் தொலைக்காட்சியில் தோன்றினால் மட்டும் எல்லா ஆணிகளையும் உள்ளங்கையில் துப்பிவிடுவார். “இவர வாய் நிறையத் திட்டணும். ஆணி இடிக்கும்.”

பழைய சோபாக்களுக்குப் பஞ்சும் துணியும் மாற்றுவது, புதியவை செய்வது அவர் தொழில். வயது ஐம்பத்தாறு. கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறார். வேனில் அவர் ராஜ்ஜியம். வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு அறை வீட்டில் இவருடையது. வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்லிப் பார்ப்பார். “நீங்க இடது பக்கம் சாயறீங்க. அங்க பஞ்சு கூட வைக்கறேன்.”

ஆளுநர்மேல் என்ன கோபம் என்று, பட்டறையில் எடுபிடியாக இருக்கும் நான் ஒருநாள் கேட்டேன். சென்ற ஆண்டு அந்த மனிதர், “வரும் மாதங்களில் வட்டி குறைய வாய்ப்பிருக்கிறது” என்றார். அவ்வளவுதான். பங்குச் சந்தை துள்ளியது. கோட் போட்டவர்கள் திரையில் கைகுலுக்கிக்கொண்டார்கள். வீடு வாங்க இருந்தவர்களோ, குறையட்டும் பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். வீடே வாங்காதவருக்கு எதற்குச் சோபா? அக்காவின் பட்டறை ஈயாடியது. கடைசியில் வட்டி குறையவில்லை, ஏறியது. சூழ்நிலை மாறிவிட்டது என்று சொல்லி ஆளுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“மழை வரும்னு சொன்னது பொய்யானா குடைய மடக்கி வச்சுக்கலாம். வட்டி குறையும்னு சொன்னது பொய்யானா நான் எத மடக்கறது? வயித்தையா?”

போன மாதம் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மாதத் தவணை அதேதான். வட்டி ஏறியதால் கடன் முடியும் ஆண்டு மட்டும் தள்ளிப் போயிருந்தது. அறுபத்து நான்கு வயதில் முடிய வேண்டியது, எழுபத்தொன்றில் முடியுமாம். மறுநாள் வங்கி திறந்ததும் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன்.

“தவணை ஏறலையே, சந்தோஷப்படுங்கம்மா” என்றார் கடன் பிரிவு அதிகாரி.

“எழுபத்தொரு வயசு வரைக்கும் நான் சுத்தியல் பிடிக்கணும்னு யாரு முடிவு பண்ணது?”

“யாரும் இல்லம்மா. சிஸ்டமே மாத்திக்கும்.”

“என் முதுக ஒரு வார்த்த கேட்டுச்சா உங்க சிஸ்டம்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பழைய ஆண்டிலேயே முடிக்க வழி உண்டா என்று விடாமல் கேட்டார். உண்டாம். தவணையைக் கூட்டிக் கட்டலாமாம்.

“அதக் கேட்டாத்தான் சொல்வீங்களா?” பேனாவை அழுத்திய அழுத்தில் கையெழுத்து காகிதத்தைக் கிழித்தது.

கூடுதல் தவணைக்கு அவர் நம்பியிருந்தது ஒரு நீலச் சோபாவை. இளம் தம்பதி சொல்லிச் செய்தது. நாங்கள் பட்டறைக்குத் திரும்பியபோது அவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுடைய வீட்டுக் கடனுக்குத் தவணையே ஏறிவிட்டதாம், சோபா வேண்டாமாம். அந்தப் பெண் தரையைப் பார்த்தே பேசினாள்.

“முன்பணத்த நீங்களே வச்சுக்கங்கக்கா. தப்பு எங்களோடதுதான்.”

“உன் தப்பா?” அக்காவின் குரலில் தெருவே திரும்பியது. “ஜோசியம் சொன்னவரு தப்புன்னு ஒத்துக்கல, சிஸ்டம் ஒத்துக்கல. நீ எதுக்கும்மா ஒத்துக்கற?” முன்பணத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்து, விரல்களை மூடிவிட்டார்.

அவர்கள் போய்விட்டார்கள். விற்கச் செய்த சோபாவில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, துணி கசங்குமாம். அன்று நீலச் சோபாவின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றாமலே இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்தார்.