பொட்டு வைத்த சர்வர்

கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் எழில்மதிதான் காரைக்காலில் அந்தத் தனியார் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. நோயாளிகளின் படங்கள் இரண்டு சர்வர்களில் இருந்தன. அவற்றின் நகல் தினமும் நெட்வொர்க் வழியாகப் பக்கத்துக் கட்டடத்துச் சேமிப்புப் பெட்டிக்குப் போகும். பெட்டியை இரண்டு சர்வர்களிலும் இணைத்தவள் அவள்தான். சர்வரை அணைத்து மறுபடி போட்டால் இணைப்பு தானாகத் திரும்பும்படி செய்வதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். சர்வரை யார் அணைக்கப் போகிறார்கள்?

ஆயுத பூசைக்கு அணைத்தார்கள். கருவிகளுக்கு அன்று ஓய்வு. அவளே சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். மறுநாள் சர்வர்களைப் போட்டவள், பெட்டியை இணைக்க மறந்துபோனாள். பெட்டியின் பெயரில் சர்வருக்குள்ளேயே ஒரு வெற்று ஃபோல்டர் இருந்தது. நகல்கள் அதற்குள் போய் விழுந்தன. பாழாய்ப்போன மென்பொருள் காலைதோறும் 'பேக்கப் வெற்றி' என்று செய்தி அனுப்பியது.

கார்த்திகை மழையில் இடி இறங்கி இரண்டு சர்வர்களும் கருகின. பூசைக்குப் பின் எடுத்த படங்களின் அசலும் நகலும் ஒன்றாகப் போயின.

மார்கழியில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து அல்லி வந்தாள். ஐப்பசி கடைசியில் இந்த சென்டரில் வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தவள். பிள்ளை இறந்தே பிறந்திருந்தது.

"பொறந்தப்ப எனக்கு நெனவில்லக்கா. அதுக்குள்ள பொதச்சிட்டாங்க. அது மொகத்த அந்தப் படத்துலதான் பாத்தேன். ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா."

"இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழில்மதி சர்வர் அறைக்குள் போனாள். கருகிய சர்வரில் அவள் வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது.

வெளியே, படம் வருமென்று அல்லி உட்கார்ந்திருந்தாள்.